கூகுள் இல்லாத போனில் சிக்னல் ஏன் அடம்பிடிக்கிறது?

சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு கூகுள் கட்டாயமில்லை. 2017 முதலே அது கூகுளின் பிளே சர்வீசஸ் இல்லாத ஆண்ட்ராய்டிலும் ஓடுகிறது. அப்படியிருந்தும், கூகுளை நீக்கிய போனில் எண்ணைப் பதிவுசெய்யும்போது சில சமயம் ‘பிளே சர்வீசஸ் பிழை’ என்று நின்றுவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் கூகுள் இல்லாததால் அல்ல, அரைகுறையாக இருப்பதால்தான். புதுச் செய்தி வந்ததும் போனைத் தட்டியெழுப்ப எஃப்சிஎம் (கிளவுட் மெசேஜிங்) என்ற கூகுள் சேவை உண்டு. அது கிடைக்குமா என்று சிக்னல் பதிவின்போதே பார்க்கிறது. பிளே சர்வீசஸ் அறவே இல்லையென்றால், தன் சர்வரோடு தானே ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும். ஆனால் மைக்ரோஜி என்ற மாற்று மென்பொருள், பிளே சர்வீசஸின் பெயரிலேயே போனில் உட்கார்ந்திருக்கும். ஆள் இருக்கிறார் என்று நம்பி, எஃப்சிஎம்முக்கான அடையாளக் குறியீட்டை (டோக்கன்) சிக்னல் கேட்கும். மைக்ரோஜியில் அந்த வசதி அணைந்திருந்தால் டோக்கன் வராது, பிழைதான் வரும்.

மைக்ரோஜி அமைப்புகளில் சாதனப் பதிவையும் கிளவுட் மெசேஜிங்கையும் இயக்கிவிட்டு மீண்டும் முயலலாம். இல்லையேல் மைக்ரோஜியையே தூக்கிவிட்டு, சிக்னலைப் புதிதாக நிறுவிப் பதியலாம். (பழைய உரையாடல்கள் இருந்தால் முதலில் பேக்கப்!) எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் சிக்னல் தன் இணைப்பைத் தானே திறந்து வைப்பதால் பேட்டரி சற்றுக் கூடுதலாகக் கரையும். பின்னணியில் ஓட அனுமதியும் தரவேண்டும்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் சரிபார்ப்பு எண் தானாக நிரம்பவில்லையா? அது பிழையே அல்ல. அதை எடுத்துக் கொடுப்பதும் பிளே சர்வீசஸ்தான். கையால் தட்டினால் போதும்.