பிடிச்ச பேஸ்ல பிடிக்காத விஷயங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

பேஸ் கிட்டார் வாசிக்கிற ரெண்டு பேர் ஒரு டீக்கடையில உட்கார்ந்தா, முதல் பத்து நிமிஷம் அவங்கவங்க பேஸைப் புகழ்வாங்க. அடுத்த ஒரு மணி நேரம் அதே பேஸைத் திட்டுவாங்க. இன்னைக்கு அந்த ரெண்டாவது பகுதியைப் பத்திதான் பேசப் போறேன்.

நான் சொல்லப் போறது மோசமான கருவிகளைப் பத்தி இல்ல. ஃபெண்டர், கிப்சன், ரிக்கன்பேக்கர் மாதிரி எல்லாரும் ஆசைப்படுற பேஸ்கள்லயே இருக்கிற சின்னச் சின்ன எரிச்சல்கள். இதை ஏன் தெரிஞ்சுக்கணும்னா, புதுசா கத்துக்கிறவங்க இந்தக் குறைகளையெல்லாம் தங்களோட கையிலதான் தப்புன்னு நினைச்சுடறாங்க. சிலர் தேவையே இல்லாம இன்னொரு பேஸ் வாங்கறாங்க. சிலர் மணிக்கட்டு வலியோட வாசிச்சு, ஒரு கட்டத்துல விட்டுடறாங்க. எது கருவியோட குணம், எது நம்ம விரலோட பிரச்சினைன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா பணமும் மிச்சம், மனசும் மிச்சம்.

சத்தம் செத்துப்போற இடம்

முதல்ல 'டெட் ஸ்பாட்'. ஃபெண்டர் பிரிசிஷன், ஜாஸ் பேஸ் மாதிரி நீளமான மர நெக் இருக்கிற பேஸை எடுங்க. ஜி ஸ்ட்ரிங்ல அஞ்சாவது ஃப்ரெட்டுல இருந்து ஏழாவது ஃப்ரெட் வரைக்கும் ஒவ்வொரு நோட்டா வாசிச்சு, அப்படியே விட்டுப் பாருங்க. பெரும்பாலும் அதுல ஏதாவது ஒரு நோட்டு மத்ததைவிடச் சீக்கிரமா அடங்கிடும்.

காரணம் இதுதான். ஸ்ட்ரிங் மட்டும் அதிரல, நெக்கும் சேர்ந்து அதிருது. நெக்குக்குன்னு சில அதிர்வெண்கள் உண்டு. நீங்க வாசிக்கிற நோட்டு அதுல ஒண்ணுக்குப் பக்கத்துல வந்துட்டா, ஸ்ட்ரிங்கோட சக்தியை நெக் உறிஞ்சிக்கும். ஊஞ்சல்ல ஆடுற குழந்தையைச் சரியான தாளத்துல தள்ளினா ஊஞ்சல் வேகமெடுக்குமே, அந்த மாதிரி. இங்க ஊஞ்சல் நெக், தள்ளுறது ஸ்ட்ரிங். தள்ளித் தள்ளி ஸ்ட்ரிங் களைச்சுப் போயிடுது.

இதை நீங்களே சோதிக்கலாம். ஹெட்ஸ்டாக்ல ஒரு சின்ன கிளாம்ப் மாட்டிப் பாருங்க. எடை கூடினா நெக்கோட அதிர்வெண் மாறும், டெட் ஸ்பாட்டும் கொஞ்சம் நகரும். முழுசா போகாது, இடம் மாறும். இன்னொரு வழிக்குச் செலவே இல்ல. ஜி ஸ்ட்ரிங் ஏழாவது ஃப்ரெட்டுல வர்ற அதே டி நோட்டு, டி ஸ்ட்ரிங்ல பன்னிரண்டாவது ஃப்ரெட்டுலயும் இருக்கு. நீளமா ஒலிக்க வேண்டிய நோட்டை அங்க வாசிச்சுப் பாருங்க. பல பேஸிஸ்ட்கள் தங்களுக்கே தெரியாம இதைத்தான் செஞ்சுட்டிருப்பாங்க.

தலை கீழே போகும் பேஸ்

ரெண்டாவது 'நெக் டைவ்'. ஸ்ட்ராப் மாட்டி நின்னு, ரெண்டு கையையும் எடுத்தா, ஹெட்ஸ்டாக் மெதுவா தரையைப் பார்த்துப் போகும். இதுக்குப் பேர் போனது கிப்சன் தண்டர்பேர்ட். 1963ல வந்த இந்த பேஸோட உருவத்தை வரைஞ்சவர் ரே டீட்ரிச்னு ஒரு கார் வடிவமைப்பாளர். பார்க்க நிஜமாவே கார் மாதிரிதான் இருக்கும், அவ்வளவு அழகு. ஆனா அதோட மேல் கொம்பு குட்டை.

இது வெறும் துலாக்கோல் கணக்கு. பிரிசிஷன் பேஸ்ல மேல் கொம்பு பன்னிரண்டாவது ஃப்ரெட் வரைக்கும் நீளுது. ஸ்ட்ராப் அங்க பிடிக்கிறதால எடை ஓரளவு சமமாகுது. கொம்பு குட்டையானா ஸ்ட்ராப் பிடிக்கிற இடம் உடம்புப் பக்கம் நகர்ந்துடும். நீளமான நெக்கும் நாலு கனமான டியூனிங் கீயும் அந்தப் பக்கம் இழுக்கும்.

அதைத் தாங்கறது யாரு? உங்க இடது கை. நோட்டு வாசிக்க வேண்டிய கை, தூக்குற வேலையும் பார்க்குது. மணிக்கட்டு வலி வந்தா முதல்ல பயிற்சி முறையைச் சந்தேகப்படாதீங்க, பேஸ் விழுதான்னு பாருங்க. அகலமான, உள்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் மாட்டினா தோள்ல வழுக்காது. பல பேருக்கு இதுவே போதும். அடுத்த படி, எடை குறைஞ்ச டியூனிங் கீ. ஸ்ட்ராப் பட்டனை இடம் மாத்தறது கடைசி வழி, ஏன்னா மரத்துல ஓட்டை போடணும்.

யாருக்கோ செஞ்ச வசதி

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச வகை. ஒரு காலத்துல காரணத்தோட இருந்து, இப்போ காரணம் போய் உருவம் மட்டும் நிக்கிற விஷயங்கள்.

1951ல லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தப்போ, ஜி ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கட்டை இருந்தது. மத்த விரல்களை அதுல ஊன்றி, கட்டைவிரலால வாசிக்கறதுக்காக. ஆனா பலரும் ஆள்காட்டி, நடுவிரலால வாசிக்க ஆரம்பிச்சாங்க. அதனால 1970கள்ல அந்தக் கட்டை மறுபக்கம் போய், கட்டைவிரல் வைக்கிற இடமாச்சு.

பிரிட்ஜ் மேல இருந்த உலோக மூடியும் அப்படித்தான். அதுக்குள்ள ஒரு நுரைப்பஞ்சு ஸ்ட்ரிங்கை லேசா அழுத்தி, சத்தத்தைச் சுருக்கும். இன்னைக்கு முக்கால்வாசிப் பேர் கழட்டி டிராயர்ல போட்டுடறாங்க. ஆனா மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் அந்தப் பஞ்சை வச்சுக்கிட்டே வாசிச்சார். ஒருத்தருக்கு எரிச்சல், இன்னொருத்தருக்கு அதுதான் அடையாளம்.

ரிக்கன்பேக்கர் 4001 இன்னும் சுவாரஸ்யம். ஆரம்பத்துல பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்ல குதிரை லாட வடிவத்துல காந்தம் இருந்தது. ஸ்ட்ரிங் அதுக்குள்ள நுழைஞ்சு போகும். 1960களோட கடைசியில அந்தக் காந்தம் போயிடுச்சு. ஆனா அதே தோற்றம் வேணும்னு ஒரு பளபளப்பான உலோக மூடி வந்துடுச்சு. வலது கை சரியா எங்க போகணும்னு நினைக்குதோ, அங்க மூடி நிக்கும். கழட்டினா அந்த இடம் மொட்டையா தெரியும். அதுக்குன்னே தனியா சட்டம் செஞ்சு விக்கிறாங்க!

நெக்கைக் கழட்டித்தான் திருப்பணும்

மர நெக்குக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கும். ஸ்ட்ரிங் இழுக்கறதால நெக் வளையும்போது அதை நேராக்கறது இந்தக் கம்பிதான். பழைய ஃபெண்டர்களிலும், அவற்றை அப்படியே திரும்பச் செய்யும் மாடல்களிலும் இதைத் திருப்புற இடம் நெக் உடம்போட சேர்ற முனையில இருக்கு. அதனால ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, நெக்கை வெளியே எடுத்து, கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, மறுபடி மாட்டி, டியூன் பண்ணிப் பார்க்கணும். சரியில்லன்னா முதல்ல இருந்து.

நம்ம ஊர்ல இது வெறும் எரிச்சல் இல்ல. ஏசி ரூம்ல இருந்து மழைக்காலப் புழுக்கத்துக்கு வந்தா மரம் அசையும். அந்த அழகான பழைய பாணி மாடலை வாங்கறதுக்கு முன்னாடி, வருஷத்துல சில தடவை இந்த வேலையைச் செய்ய நீங்க தயாரான்னு கேட்டுக்கோங்க. ஹெட்ஸ்டாக் பக்கமே திருப்பற வசதி இருந்தா அது ரெண்டு நிமிஷ வேலை.

ராத்திரியில தீரும் பேட்டரி

ஆக்டிவ் பேஸ்னா உள்ளே ப்ரீஆம்ப், அதுக்கு 9 வோல்ட் பேட்டரி. பல பேஸ்கள்ல தனி ஸ்விட்ச் கிடையாது. கேபிளோட பிளக்கே ஸ்விட்ச். பிளக் உள்ளே போனதும் ஜாக்ல இருக்கிற ரெண்டு முனைகள் சேர்ந்து பேட்டரி சுற்று மூடிக்கும். வாசிச்சு முடிச்சு, கேபிளைப் பிடுங்காம தூங்கிட்டா, பேட்டரி விடிய விடிய வேலை பார்க்கும். அடுத்த நாள் மேடையில சத்தம் கரகரன்னு உடையும். சில மாடல்கள்ல பேட்டரியை மாத்த பின்மூடியோட எல்லா ஸ்க்ரூவையும் கழட்டணும். அடிக்கடி கழட்டினா மரத்துல பிடிமானம் போயிடும். கையாலயே திறக்கிற பேட்டரிப் பெட்டி இருக்கான்னு கடையிலேயே திருப்பிப் பாருங்க.

ஏன் சரி பண்ண மாட்டேங்கறாங்க?

சில பேர் பண்ணியிருக்காங்க. டெக் 21 கம்பெனியோட சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் பெடலை எடுத்துக்கோங்க. பழைய வடிவத்துல மிட் அலைகளுக்குத் தனிக் குமிழே இல்ல. பேண்டோட வாசிக்கும்போது பேஸ் காணாம போகுதுன்னு எல்லாரும் புலம்பினாங்க. ரெண்டாவது வடிவத்துல மிட் குமிழ் வந்துடுச்சு.

ஆனா ஒண்ணைத் தீர்த்தா இன்னொண்ணு முளைக்கும். நெட் ஸ்டைன்பெர்கர் ஹெட்ஸ்டாக்கையே எடுத்துட்டு, கார்பன் கலவையில பேஸ் செஞ்சார். தலை கீழே விழற பேச்சே இல்ல, நெக் விறைப்பா இருக்கிறதால டெட் ஸ்பாட் தொல்லையும் குறைவு. ஆனா அதுக்கு ரெண்டு முனையிலும் குண்டு வச்ச ஸ்ட்ரிங் வேணும். அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில கிடைக்கிறது பொருந்தாது.

அதனால பேஸ் வாங்கப் போகும்போது இந்த நாலைப் பாருங்க. ஜி ஸ்ட்ரிங்ல நாலாவது ஃப்ரெட்டுல இருந்து எட்டாவது வரைக்கும் ஒவ்வொரு நோட்டையும் முழுசா ஒலிக்க விடுங்க. ஸ்ட்ராப் மாட்டி நின்னு கையை எடுத்துப் பாருங்க. ட்ரஸ் ராட் எந்தப் பக்கம்னு கேளுங்க. பேட்டரி எங்கன்னு பாருங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும். குறையே இல்லாத பேஸ் கிடைக்காது. எந்தக் குறையோட நீங்க பத்து வருஷம் குடும்பம் நடத்த முடியும்னு மட்டும் கண்டுபிடிச்சா போதும்.

உங்க பேஸ்ல உங்களைப் படுத்தற விஷயம் என்னன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.