முழங்கை ஊன்றும் முன்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கரடுகளுக்கு கேமராவோடு போகிறவர்களில் இரண்டு ரகம். பறவைக்காரர்கள் வானத்தைப் பார்த்தே நடப்பார்கள். பூச்சி, விசிறித்தொண்டை ஓணான் என்று தேடுகிறவர்கள் மண்ணில் குப்புறப் படுப்பார்கள். இரண்டு பேருமே காலடியில் பாம்பு கிடக்கிறதா என்று பார்ப்பதில்லை.

நாகமாவது நிமிர்ந்து சீறி, தான் இருப்பதைச் சொல்லிவிடும். இங்கே பயப்பட வேண்டியது சுருட்டை விரியனுக்கு. பெரும்பாலும் ஒரு முழத்துக்கு மேல் வளராது. செம்மண்ணோடும் சருகோடும் கலந்துபோகும் நிறம். பகலில் கல்லுக்கடியில் சுருண்டு கிடக்கும். சீண்டினால் உடலை வளைத்து வளைத்துச் செதில்களை உரசும். காய்ந்த சட்டியில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு சத்தம் வரும். கேட்டால் அப்படியே நின்று, அது எங்கே என்று கண்டுகொண்ட பிறகுதான் பின்வாங்க வேண்டும். மேக்ரோ லென்ஸுக்காக முழங்கையை ஊன்றும் முன் நீளமான குச்சியால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால், ஓணான் ஓடிவிடும்தான். ஓடட்டும்.

சமவெளியில் கிடைக்கும் ஆகச்சிறந்த பாம்புப் படத்துக்கு விஷப்பாம்பே தேவையில்லை. வரப்போரம் இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு எழுந்து விழும். ‘சாரையும் நல்லபாம்பும் பிணையுது’ என்று ஊரே கூடிவிடும். மேலே துணியைப் போட்டு எடுத்துப் பூஜை அறையில் வைத்தால் செல்வம் சேரும் என்பார்கள். உண்மையில் இரண்டுமே ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம் அது. கூட்டம் நெருங்காவிட்டால் நெடுநேரம் நீடிக்கும். தள்ளி நின்று 300 எம்எம் லென்ஸில் எடுக்கலாம். செல்போனோடு கிட்டே ஓடுகிறவர்தான் ஆட்டத்தைக் கலைப்பார்.

நகரத்திலிருந்தே தெரிகிற சிறுமலையில், திண்டுக்கல்லின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய ஒரு பாம்பு உண்டு: யூரோபெல்டிஸ் திண்டிகலென்சிஸ். பெட்டோம் என்ற வன அதிகாரி 1877-ல் விவரித்தது. விஷமில்லை, மண்ணுக்குள்ளேயே வாழ்வது. அதைப் படம் எடுக்க வேண்டுமென்று மண்ணைக் கிளறுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கி எடுக்கும் படங்களும் அப்படித்தான். 1972-ன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை.

பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். அதற்கான நஞ்சைத் தருவதில் 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. பாம்பைத் தேடிப்பிடித்து அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. கேமராவில் ஏற்கெனவே படம் இருந்தால் மருத்துவரிடம் காட்டலாம். இல்லாவிட்டால் அதற்காகத் திரும்பிப் போகாதீர்கள்.