குச்சியில் ஏறிய உருண்டை

டில்லியில் கரோல் பாக் என்று ஒரு பகுதி இருக்கிறது. கடைகளுக்குப் பெயர் போன இடம். இங்கே தமிழ்க் குடும்பங்கள் பல காலமாக வாழ்ந்து வருகின்றன. பூசா சாலையில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி கூட உண்டு. 1947-இல் நாடு பிரிந்தபோது வந்த பஞ்சாபிக் குடும்பங்களும் இங்கே அதிகம். ஒரு மாடியில் சாம்பார் கொதிக்கும். அடுத்த மாடியில் ரொட்டி வேகும்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். மகளுக்கு எட்டாவது பிறந்தநாள் வருகிறது. 15 பிள்ளைகள் விருந்துக்கு வருவார்கள்.

"அம்மா, எனக்குக் கேக் பாப் வேணும்" என்கிறாள் மகள்.

"அது என்னடி?"

"குச்சியில குத்தின கேக் உருண்டை, அம்மா. மேலே சாக்லேட் இருக்கும்."

கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. போன மாதம்தான் மகளின் சொத்தைப் பல்லுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அந்தச் செலவு வேறு. வேண்டாம் என்று சொன்னால் குழந்தை அழும். அம்மா என்ன செய்வார்?

முதலில் கேக் பாப் என்றால் என்ன என்று பார்ப்போம். 2008-இல் அமெரிக்காவில் ஆஞ்சி டட்லி என்ற பெண் இதைப் பிரபலம் ஆக்கினார். கேக்கை உதிர்ப்பார்கள். அதில் சர்க்கரை போட்டு அடித்த கிரீமைப் பிசைவார்கள். உருட்டிக் குளிர வைப்பார்கள். குச்சியில் குத்தி, உருகிய சாக்லேட்டில் முக்குவார்கள். கேக்கில் சர்க்கரை, கிரீமில் சர்க்கரை, சாக்லேட்டிலும் சர்க்கரை. ஓர் உருண்டைக்குள் மூன்று முறை சர்க்கரை!

இதைக் கேட்ட பாட்டி சிரிக்கிறார். பாட்டிக்கு வேலூர்ப் பக்கம். "இதையேதானே நாங்க சிமிலின்னு செய்வோம்" என்கிறார்.

பாட்டி சொல்வது உண்மைதான். கேழ்வரகு அடையைச் சுட வேண்டும். சூட்டோடு பிய்த்து உரலில் போட வேண்டும். வறுத்த நிலக்கடலை, எள், வெல்லம் சேர்த்து இடித்து உருட்ட வேண்டும். இதுதான் சிமிலி. அங்கே கேக்கை உதிர்க்கிறார்கள். இங்கே அடையை உதிர்க்கிறோம். குச்சி ஒன்றுதான் பாக்கி.

ஆனால் மகளின் முகம் வாடுகிறது. "உருண்டை குடுத்தா எல்லாரும் சிரிப்பாங்க பாட்டி" என்கிறாள். அவள் கவலையும் நியாயமானது. குழந்தைக்குத் தோழிகள் முன்னால் மதிப்பு வேண்டும். அதனால்தான் குச்சியும், நிறமும், மேல் பூச்சும் தேவை. அவற்றைக் கைவிட வேண்டாம். உள்ளே இருப்பதை மாற்றினால் போதும்.

ஏன் மாற்ற வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஓர் அளவு சொன்னது. சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில், சேர்த்த சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. எட்டு வயதுக் குழந்தைக்கு அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 தேக்கரண்டி. ஆனால் 300 மில்லி கோலா பானத்தில் மட்டும் 8 தேக்கரண்டி இருக்கிறது! 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. வாரியம் தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளே பார்த்துத் தெரிந்து கொள்வதற்காக அந்தப் பலகை.

வீட்டிலும் நாம் பார்க்கலாம். டில்லியில் விற்கும் பொட்டலத்தில் தமிழ் இருக்காது. ஆங்கிலமும் இந்தியும்தான் இருக்கும். அதனால் என்ன? எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். பொட்டலத்தின் பின்புறம் ஒரு கட்டம் போட்டிருக்கும். அதில் சர்க்கரை என்ற வரி எது என்று ஒரு முறை மகளிடமே கேட்டுக் கொள்ளுங்கள். அந்த வரிக்கு நேரே 40 என்று இருந்தால், 100 கிராமில் 40 கிராம் சர்க்கரை. அதாவது 10 தேக்கரண்டி.

இனி சாமான் வாங்கப் போகலாம். கேழ்வரகு மாவுக்கு இங்கே 'ராகி ஆட்டா' என்று கேட்க வேண்டும். மலைப் பகுதிக்காரர்கள் 'மண்டுவா' என்பார்கள். வெல்லம் 'குட்'. எள் 'தில்'. நிலக்கடலை 'மூங்பலி'. பேரீச்சம்பழம் 'கஜூர்'. எல்லாம் சாதாரண மளிகைக் கடையிலேயே கிடைக்கும். திங்கட்கிழமை கரோல் பாக் சந்தைக்கு விடுமுறை. அன்று போய் ஏமாற வேண்டாம்.

கேழ்வரகு ஏழைகளின் தானியம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கினார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அந்த மார்ச்சில் கரோல் பாக்கை அடுத்த பூசாவிலேயே பெரிய சிறுதானிய மாநாடு நடந்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும்.

ஒரு கப் கேழ்வரகு மாவு எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை உப்பு போட்டு, வெந்நீர் விட்டுப் பிசையுங்கள். சப்பாத்தியை விடச் சற்றுத் தடிப்பாகத் தட்டுங்கள். கல்லில் சிறு தீயில், மூடி வைத்து, இரு புறமும் வேக விடுங்கள். பச்சை வாசனை போக வேண்டும். அவசரப்பட்டால் உருண்டையும் பச்சையாகத்தான் இருக்கும்.

அரை கப் நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி எள்ளை வறுங்கள். இரண்டையும் மிக்ஸியில் விட்டு விட்டுப் பொடியுங்கள். ஒரேயடியாக ஓட விடக் கூடாது. கடலை எண்ணெய் கக்கிக் களி போல ஆகிவிடும்.

கை பொறுக்கும் சூட்டில் அடையைப் பிய்த்துப் போடுங்கள். கால் கப் வெல்லத் தூள், கொட்டை எடுத்த ஆறு பேரீச்சம்பழம், கொஞ்சம் ஏலக்காய் சேருங்கள். மறுபடி விட்டு விட்டு அரையுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும். உதிர்ந்தால் ஒரு கரண்டி நெய்யோ, இன்னொரு பேரீச்சம்பழமோ போதும். சிறு எலுமிச்சை அளவில் உருட்டினால் 18 உருண்டை வரும். 15 பிள்ளைகளுக்குப் போக மூன்று மிஞ்சும். பாட்டிக்கு ஒன்று நிச்சயம்.

வெல்லம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வெல்லத்திலும் பெரும் பகுதி சர்க்கரைதான். பல்லுக்கு இரண்டும் ஒன்றே. கால் கப் போட்டால் ஓர் உருண்டைக்கு முக்கால் தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான் வரும். மீதி இனிப்பைப் பேரீச்சம்பழம் தருகிறது. அதிலும் இயற்கையான சர்க்கரை உண்டு. ஆனால் கூடவே நார்ச்சத்தும் வருகிறது.

உருண்டைகளை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். இறுகியதும் குச்சியைப் பாதி வரை செருகுங்கள். வட்டக் குச்சியில் உருண்டை சுற்றிக் கழன்றுவிடும். ஐஸ் குச்சி போன்ற தட்டைக் குச்சியே நல்லது. மகள் சாக்லேட் கேட்டாள் அல்லவா? வெந்நீரின் மேல் கிண்ணம் வைத்துச் சிறு சாக்லேட் கட்டியை உருக்குங்கள். கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். உருண்டையை முழுதும் முக்க வேண்டாம். தலையை மட்டும் தொட்டு எடுங்கள். பார்க்க அதுவே அழகு.

மற்றவற்றைத் தேங்காய்த் துருவலில் புரட்டலாம். துருவலில் கொஞ்சம் பீட்ரூட் சாறு விட்டு, வாணலியில் ஈரம் போக வதக்குங்கள். நல்ல ரோஜா நிறம் வரும். கடையில் விற்கும் பெயர் தெரியாத சாயப் பொடி வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் இருந்ததுதான் காரணம்.

விருந்தில் ஒன்றை மறக்கக் கூடாது. சில பிள்ளைகளுக்கு நிலக்கடலையோ எள்ளோ ஒவ்வாது. மூச்சு முட்டும் அளவுக்குக் கூடப் போகலாம். பெற்றோரிடம் முன்பே கேட்டு விடுங்கள். ஒருவருக்கு ஒவ்வாது என்றாலும் அந்தப் பொருளையே விட்டுவிட்டு, அன்று பொட்டுக்கடலைப் பொடி போட்டுச் செய்யலாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட தம்பி தங்கைகள் வந்தால் முழுக் கடலை எதுவும் கையில் தர வேண்டாம். தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குக் குச்சியும் வேண்டாம். உருண்டையைப் பிட்டுக் கொடுங்கள். குச்சியை வாயில் வைத்துக் கொண்டு எந்தக் குழந்தையும் ஓடக் கூடாது.

அடையில் ஈரம் இருப்பதால் இந்த உருண்டை நாள்பட நிற்காது. டில்லி வெயிலில் காலையில் செய்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும்.

எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மா வந்து ஒன்றைச் சாப்பிட்டுப் பார்க்கிறார். "பின்னி மாதிரி இருக்கே" என்கிறார் இந்தியில். கோதுமை மாவை நெய்யில் வறுத்து, வெல்லம் சேர்த்துப் பிடிக்கும் உருண்டைதான் பின்னி. குளிர்காலத்தில் பஞ்சாபி வீடுகளில் செய்வார்கள்.

குச்சிகளை எதில் நிறுத்துவது? பாட்டி பூசணிக்காயைக் கழுவிப் பாதியாக வெட்டிக் கவிழ்க்கிறார். அதன் முதுகில் மகள் குச்சிகளை ஒவ்வொன்றாகக் குத்துகிறாள். பதினைந்து வரை எண்ணுகிறாள். முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறாள். மறுநாள் அதே பூசணி கூட்டுக்கு ஆகிவிடும்.