காட்டுக்குள் கிடக்கும் வரலாற்றுக்கு யார் பொறுப்பு?

பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல். 2009, 2010 ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தினர் அங்கே அகழாய்வு செய்தார்கள். ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் வைத்த சாடி கிடைத்தது. உள்ளே சுமார் 2 கிலோ நெல். அதே குழியில் தமிழி எழுத்துகள் பொறித்த பானைத் தாங்கி ஒன்றும் இருந்தது. அந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணித்தபோது கி.மு. 490 என்று முடிவு வந்தது. தமிழ் எழுத்தின் வயதைப் பற்றிய பேச்சை, ஒரு சாடி நெல் புதிய திசையில் திருப்பிவிட்டது.

புதையல் தேடி இரவில் கடப்பாரையோடு வருகிறவன் கையில் அந்தக் குழி முதலில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தங்கம் இல்லை என்று கண்டதும் சாடியை உடைத்து, நெல்லை மண்ணோடு மண்ணாகக் கொட்டிவிட்டுப் போயிருப்பான். நெல் கிடைத்தது மட்டும் அங்கே செய்தி அல்ல. எழுத்தும் நெல்லும் ஒரே குழியில், யாரும் கலைக்காமல், சேர்ந்தே கிடந்ததுதான் சான்று. ஒருமுறை கிளறிவிட்டால் எந்தச் சட்டமும் எந்த நீதிமன்றமும் அதைத் திரும்ப அடுக்கித் தர முடியாது.

திண்டுக்கல் சமவெளியில் எங்கே நின்று பார்த்தாலும் ஏதாவது ஒரு மலை கண்ணில் படும். நகருக்குத் தெற்கே சிறுமலை, நத்தம் பக்கம் கரந்தமலை, அழகர்மலை, மேற்கே பழனிமலைத் தொடர். இவற்றின் பெரும்பகுதி காப்புக்காடு. நம் முன்னோர் விட்டுச்சென்றவையும் இந்த மலைச்சரிவுகளிலும் அடிவாரங்களிலும்தான் அதிகம். நிலக்கோட்டை வட்டத்தில், மேட்டுப்பட்டி அருகே சித்தர்மலைக் குகையில் சமணர் கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டுகளும் உள்ளன. பழனிமலையில் பலகைக்கற்களால் எழுப்பிய ஈமச்சின்னங்களான கற்திட்டைகளை இயேசு சபைப் பாதிரியார்கள் ஆங்கிலேடும் நியூட்டனும் அலைந்து திரிந்து பதிவு செய்தார்கள். அவர்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. யார் பதிவேட்டிலும் ஏறாத நடுகற்களும் கோயில்காடுகளும் இவற்றுக்கு அப்பால் இருக்கின்றன.

நகரத்துக்குள் இருக்கும் மலைக்கோட்டையின் கதை வேறு. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-ஆம் ஆண்டு மத்தியத் தொல்லியல் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்குத் தடை. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட வேண்டுமானால் அனுமதி தேவை. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கோட்டையைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தடை எல்லைக்குள் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க, அனுமதி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. "எதுவுமே செய்யக் கூடாது" என்று யாராவது பயமுறுத்தினால் எழுத்தில் கேளுங்கள்.

மலைகளுக்கு இப்படிப் பலகையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தொல்லியல் சட்டங்கள், மத்தியச் சட்டமானாலும் தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமானாலும், அரசு பட்டியலில் அறிவித்த சின்னங்களைத்தான் முழுதாகக் காக்கின்றன. காடு வனத்துறையின் கையில் இருக்கிறது. வனத்துறையின் கண்ணுக்கு மரமும் விலங்கும் தெரிகிற அளவுக்குக் கல் தெரிவதில்லை. தொல்லியல் துறைக்குக் கல் தெரியும், காவலுக்கு ஆள் கிடையாது. இரண்டு துறைகளுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது வரலாறு. எந்த அதிகாரியையும் நான் குறை சொல்லவில்லை; அமைப்பே அப்படி அமைந்துவிட்டது. ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப ஊர்க்காரர்களால் முடியும். நம் பக்கத்து ஊர்களே அதைச் செய்து காட்டியிருக்கின்றன.

முதலில், பட்டியலில் இல்லாத சின்னத்துக்கு நாதியே இல்லை என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது, தீ மூட்டுவது, கல் உடைப்பது எல்லாம் அதன்படி குற்றம். கருவிகளையும் வண்டிகளையும் பறிமுதல் செய்யலாம். கற்திட்டையின் பலகைக்கல்லைப் பெயர்த்து எடுப்பவன் மேல் வழக்குப் போட, அது கற்திட்டை என்று தொல்லியல் துறை சான்று தரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. காட்டுக்கல்லை உடைத்தான் என்பதே போதும். வேடசந்தூர், நத்தம் பக்கத்துக் காடுகள் சிலவும் கரூர் மாவட்டக் காடுகளும் சேர்ந்து 2022-இல் தேவாங்கு சரணாலயமாக, 11,806 ஹெக்டேரில், அறிவிக்கப்பட்டன. அதற்குள் வன உயிரினச் சட்டத்தின் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே புகார் எழுதும்போது "தொன்மைச் சின்னம் அழிகிறது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "காப்புக்காட்டில் கல் உடைக்கிறார்கள், குழி தோண்டுகிறார்கள்" என்றும் சேருங்கள். ரேஞ்சர் கையில் உடனே அதிகாரம் இருப்பது அந்த வரிக்குத்தான்.

தோண்டுவதைப் பற்றி இன்னும் ஒன்று. மாநிலத் தொல்லியல் துறையே ஓரிடத்தில் அகழாய்வு செய்ய மத்திய அரசின் ஒப்புதல் வாங்கித்தான் மண்வெட்டியை வைக்கிறது. "நம்ம ஊர் வரலாற்றை நாமே தோண்டிப் பார்ப்போம்" என்று ஆர்வத்தில் இறங்கும் இளைஞர்களும் கடைசியில் அழிப்பவர்கள் கணக்கில்தான் சேர்வார்கள்.

உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தற்செயலாக ஏதாவது கிடைத்தால்? 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. தெரிவித்தால் நேர்மைக்குச் சட்டம் பங்கு தருகிறது: வேறு உரிமையாளர் இல்லை என்று முடிவாகி, நிலத்துக்காரர் மட்டும் உரிமை கோரினால், கண்டவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். பொருளை அரசே எடுத்துக்கொள்வதானால் அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தொகை தர வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு நிற்காமல், தேதி போட்ட கடிதத்துக்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"சொன்னால் நிலம் போய்விடும்" என்ற அச்சம்தான் எத்தனையோ தாழிகளை இரவோடு இரவாக உடைத்து மூட வைக்கிறது. அந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஏக்கரை நம்பிக் குடும்பம் நடத்துபவரின் அச்சம் அது. ஆனால் பானை ஓடு கிடைத்த மாத்திரத்தில் பட்டா பறிபோய்விடாது. மத்திய அரசு ஓரிடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கும் முன் இரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும். அதற்குள் ஆட்சேபம் சொல்லலாம். அந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தில் நுழைவதாலோ தோண்டுவதாலோ இழப்பு நேர்ந்தால் இழப்பீடு கேட்கவும் உரிமை உண்டு.

கல்லில் உள்ள எழுத்துக்கு என்ன மதிப்பு என்பதற்குப் பழனி வட்டத்து ஐவர்மலையைப் போல் நல்ல சான்று இல்லை. பாப்பம்பட்டி அருகே அந்தக் குன்றின் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, சாந்திவீரக்குரவர் என்ற சமணத் துறவி பழைய திருமேனிகளைப் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்ததைச் சொல்கிறது. ஊருக்கு ஒரு தானக் கல்வெட்டு இருக்கிறதே என்று தோன்றலாம். இதன் சிறப்பு வேறு. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டையும் சக ஆண்டு 792-ஐயும் இது சேர்த்தே குறிக்கிறது. கி.பி. 870. அப்படியானால் வரகுணன் பட்டம் ஏறியது 862. முற்காலப் பாண்டியர் காலவரிசைக்கு ஊன்றிய உறுதியான முளை இந்த ஒரு பாறை. அந்த எண் இருக்கும் இடத்தில் ஒருவன் உளியால் காதலியின் பெயரைச் செதுக்கியிருந்தால், அல்லது பக்தியோடு பெயிண்ட் அடித்திருந்தால், பாண்டியர் வரலாறு இன்றும் தடுமாறிக்கொண்டிருக்கும்.

பக்தியோடு செய்யும் கேட்டைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறோம். சொல்லியே ஆக வேண்டும். கல்வெட்டில் எண்ணெய் தேய்ப்பது, நடுகல்லைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டுவது, எழுத்து தெளிவாகத் தெரியச் சாக்பீஸால் வரைவது, குகைக்குள் கற்பூரம் கொளுத்துவது எல்லாமே மெல்லக் கொல்லும் வேலைகள். சமீப காலமாக ரீல்ஸ் வேறு சேர்ந்துகொண்டது. யாருக்கும் தெரியாத கற்திட்டையின் இருப்பிடத்தைச் செல்போன் வரைபடத்தோடு போடுகிறவர், ஆர்வலர் ஒருவரை அழைக்கும்போதே புதையல் வேட்டைக்காரனையும் கூடவே அழைத்துவிடுகிறார்.

இனி ஊர் கையில் இருக்கும் ஆயுதம். நத்தம் ஒன்றியம் ரெட்டியபட்டி ஊராட்சியில், அழகர்மலைக் காப்புக்காட்டின் ஓரம், மாந்தோப்புகள் சூழ இருக்கிறது காசம்பட்டியின் வீரகோவில் காடு. 4.97 ஹெக்டேர்தான். சாமிக்குப் பயந்து தலைமுறை தலைமுறையாக ஊர் கிளை ஒடிக்காமல் வைத்திருந்த இந்தக் காட்டை, 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆவது பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. உள்ளாட்சியைக் கலந்துதான் அறிவிக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் அழகு. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு எங்கே என்று கேட்டிருக்கிறீர்களா? கோயில்காடும் அதைச் சேர்ந்த வழக்கங்களும் அதில் ஏற வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலில் இந்த அறிவிப்பைப் பெற்றது, அழகர்மலைக்கு அந்தப் பக்கம் மேலூர் வட்டாரத்தில் உள்ள அரிட்டாபட்டி. 2022 நவம்பரில், 193.215 ஹெக்டேர். தமிழிக் கல்வெட்டு, சமணச் சிற்பம், பாண்டியர் குடைவரை எல்லாம் உள்ள இடம். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை மத்திய அரசு ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்கியது. அறிவிப்பு வந்துவிட்டால் காவல் வந்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு இது பாடம். ஏலத்தைத் தடுக்கும் வலு அந்த அறிவிப்புக்கு இல்லாமல் போனது. ஆனால் எதிர்த்து நிற்க ஊருக்கு ஒரு தாளைக் கொடுத்தது. ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-இல் விவசாயிகள் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. என் பார்வையில், அங்கே காத்தது அறிவிப்பு மட்டும் அல்ல, கூட்டம் மட்டும் அல்ல. முன்கூட்டியே எழுதி வைத்திருந்த பதிவும் அதைக் கையில் ஏந்திய மக்களும்தான்.

மலைவாழ் பளியர்களுக்கும் காட்டையே நம்பி மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இன்னொரு கதவைத் திறக்கிறது. வழக்கமாக அனுபவித்து வந்த பாரம்பரிய உரிமைகளைச் சமூக உரிமையாகக் கோரலாம். காட்டுக்குள் இருக்கும் சாமிக்குப் போகும் வழியும் அதில் அடங்கும் என்று வாதிட நியாயம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, தங்கள் பண்பாட்டு மரபையும் இயற்கை மரபையும் அழிவிலிருந்து காக்கும் அதிகாரத்தை உரிமை பெற்றவர்களுக்கும் கிராமசபைக்கும் தருகிறது.

அழிவைக் கண்டால், தொடாமல் படம் எடுங்கள். தேதி, ஊர், சர்வே எண், தெரிந்தால் வனக்காவல் பகுதியான பீட்டின் பெயர் எழுதுங்கள். ஒரே மனுவை மாவட்ட வன அலுவலர், ஆட்சியர், சென்னையில் உள்ள தொல்லியல் துறை மூவருக்கும் அனுப்புங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்பதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவெண் கிடைக்கும். நடவடிக்கை இல்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் மேல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இவ்வளவும் அழிவு தொடங்கிய பிறகு ஓடுவது. அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டாட்சி அரசின் காட்டில் மரம் வெட்டவோ சாலை போடவோ திட்டமிட்டால், அங்குள்ள வரலாற்றுச் சின்னங்களுக்கு என்ன நேரும் என்று முதலில் பார்க்க வேண்டும். 1979-இல் வந்த இன்னொரு சட்டம், பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைப் பொதுநிலத்திலிருந்து அனுமதியின்றி எடுப்பதைக் குற்றமாக்கியது. நம் நாட்டிலும் ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் பல ஆண்டுகளுக்கான செயல்திட்டம் எழுதப்படுகிறது. எங்கே தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, எங்கே நடவுக்குழி எடுப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். கற்திட்டை, கற்படுக்கை, நடுகல், கோயில்காடு ஆகியவையும் அந்த வரைபடத்தில் புள்ளியாக ஏறிவிட்டால், குழி எடுக்க வரும் ஜே.சி.பி. ஓட்டுநருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

இதற்குப் புதுச்சட்டம் தேவையில்லை. ஊராட்சி எல்லைக்குள் உள்ள தொன்மை இடங்களின் பட்டியலைக் கிராமசபைத் தீர்மானமாக்கி, வனக்கோட்டச் செயல்திட்டத்தில் சேர்க்கும்படி மாவட்ட வன அலுவலருக்கு அனுப்பினால் போதும். பட்டியல் எழுத, ஆடு மேய்க்கும் பெரியவர்களை முதலில் உட்கார வைத்துக் கேளுங்கள். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.