திரையின் முன் அமருமுன்

கல்விக்கு இன்று புத்தகமும் கரும்பலகையும் மட்டுமே கருவிகள் அல்ல. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, செங்கற்பட்டு நகரத்து மாணவியும் மாமல்லபுரத்து மீனவக் குப்பத்து மாணவியும் திரையிலேயே பாடம் கேட்க நேர்ந்தது. சிலர் தெளிவு பெற்றனர். பலர் பார்த்ததோடு சரி. கைப்பேசி இல்லாமையும் வறுமையும் இதற்குப் பெருங்காரணங்களே. நம் கையில் உள்ள காரணம் ஒன்றும் உண்டு. அதுவே குறிக்கோள்.

2018 முதல் வெளிவந்த பாடநூல்களில் பல பாடங்களின் தொடக்கத்தில் 'கற்றல் நோக்கங்கள்' அச்சிடப்பட்டுள்ளன. காணொளிக்கு வழிகாட்டும் க்யூ.ஆர். குறியீடும் உண்டு. குறியீட்டை நோக்கிக் கைப்பேசியை நீட்டும் நாம், நோக்கங்களைப் படிக்காமலே தாண்டிவிடுகிறோம்!

வகுப்பில் ஆசிரியை நம் முகம் பார்த்தே புரியாமையை அறிவார், கேள்வி கேட்பார். திரைக்கு நம் முகம் தெரியாது. ஆகவே அப்பணி நம்மீதே விழுகிறது. எட்வின் லாக், கேரி லேதம் என்னும் உளவியல் அறிஞர்கள் பல்லாண்டு ஆராய்ந்து கண்டது இது: 'இயன்றதைச் செய்வேன்' என்பவரைவிட, தெளிவான, சற்றே கடினமான இலக்கை வகுத்துக்கொள்பவர் மிகுதியாகச் சாதிக்கின்றனர்.

'இன்று அறிவியல் பார்ப்பேன்' என்பது இலக்கன்று. 'ஒளிவிலகல் படத்தைப் பாராமல் வரைந்து, இரண்டு எடுத்துக்காட்டுகள் எழுதுவேன்' என்பதே இலக்கு. அப்போதுதான் எங்கே காணொளியை நிறுத்துவது, எதை மீண்டும் கேட்பது என்று தெரியும்.

இலக்கிலும் வகையுண்டு. புதிய, கடினமான பாடத்தில் 'நூற்றுக்கு நூறு' என்ற எண்ணம் அச்சத்தையே வளர்க்கக்கூடும். 'இக்கணக்கைச் செய்யும் வழிகளைக் கற்பேன்' என்பதே அங்குப் பயன் தரும்.

மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத குடைவரைகள் உள்ளன. பாறையைச் சதுரங்களாக வகுத்து, பின்பு செதுக்கிய தடம் அங்கே இன்றும் தெரிகிறது. பெரும்பாடத்தையும் நாம் அவ்வாறே சிறு பகுதிகளாக வகுத்துக்கொள்ளலாம்.

ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீடுகள் நம்மிடையே பல. அங்கே கிடைக்கும் அரைமணி நேரம் பொன்னானது அன்றோ? தோழியரே! திரையைத் திறக்குமுன் குறிப்பேட்டில் ஒரு வரி இலக்கு எழுதுவோம். முடித்தபின் சரிபார்ப்போம். எஞ்சிய ஐயத்தை மறுநாள் ஆசிரியையிடம் கேட்போம். பெற்றோரும் 'எவ்வளவு நேரம் பார்த்தாய்?' என்பதைவிட 'எதைக் கற்றாய்?' என்று கேட்பார்களாக!