நகரத்தின் தாகம் தீர்த்தவர்

முத்துக்கும் துறைமுகத்துக்கும் பேர்போன தூத்துக்குடியில், நூறாண்டுக்கு முன் நல்ல தண்ணீருக்குத்தான் பெரும்பாடு. கிணறு தோண்டினால் உப்புக் கரித்தது. தட்டுப்பாடு முற்றிய நாளில் தண்ணீர் ரயிலேறி வந்தது. மக்கள் குடங்களோடு காத்துக் கிடந்தார்கள்.

இந்த நிலையை மாற்றியவர், 1869-இல் பரதவர் குலத்தில் பிறந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. ஐந்து முறை நகராட்சித் தலைவராக இருந்தவர். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே ஊருக்குள் கொண்டுவர விடாப்பிடியாக நின்று வென்றார். இன்றைய கடைவீதிகளின் செழிப்புக்கு அதுவும் ஓர் அடித்தளம் எனலாம்.

பழைய நகராட்சி அலுவலகம் முன்பு அவர் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 15, அவர் பிறந்தநாளில் ஊரார் மாலையிடுகிறார்கள். தூத்துக்குடி நேயர்களே, அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த தண்ணீர் வீணாகாதிருக்க, ஒழுகும் தெருக்குழாயைக் கண்டால் உடனே மாநகராட்சிக்குச் சொல்லுங்கள்.