‘இன்னும் ஹவில்தார்தானா?’ ராணுவத்தில் பதவி உயர்வு ஏன் நின்றுபோகிறது... நின்றுவிட்டால் என்ன வழி?

லீவில் ஊருக்கு வரும் ராணுவ வீரரிடம் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். “எப்போ வந்தீங்க?” அடுத்தது, “எப்போ கிளம்புறீங்க?” இது பழைய ஜோக். சர்வீஸ் 18, 20 வருடம் தாண்டியவர்களிடம் மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். “இன்னும் ஹவில்தார்தானா? கூட சேர்ந்தவர் சுபேதார் ஆயிட்டாராமே?”

கேட்பவருக்கு அது சும்மா ஒரு விசாரிப்பு. பதில் சொல்பவருக்கு அப்படி இல்லை. ஐ.டி. கம்பெனியில் புரொமோஷன் கிடைக்காவிட்டால் ரெஸ்யூமேயை தட்டிவிட்டு வேறு இடம் பார்க்கலாம். ராணுவத்தில் அது முடியாது. அதைவிட முக்கியமான வித்தியாசம் இன்னொன்று உண்டு: அங்கே பதவி நின்றால் சம்பளம் நிற்பதைவிட, வேலை செய்யக்கூடிய வருடங்கள்தான் முதலில் குறைகின்றன. குடும்பங்களுக்குப் பெரும்பாலும் தெரியாத இந்த விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம்.

பதவி உயர்வு என்றால் கூடுதல் வருடங்கள்

அதிகாரியாக இல்லாமல் சிப்பாயாகச் சேர்பவரின் ஏணி இதுதான்: சிப்பாய், நாயக், ஹவில்தார், அதன் பிறகு நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். கடைசி மூன்றும் ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிகள். யூனிட்டில் அவர்களை ‘சாப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தனி மெஸ், தனி மரியாதை. ஹவில்தாரில் இருந்து நாயப் சுபேதார் ஆவது ஒரு படிதான். ஆனால் பார்க்கப்போனால் வேறு ஒரு வீட்டுக்குள் நுழைவது மாதிரி.

ஒவ்வொரு பதவிக்கும் அதிகபட்ச சர்வீஸ் இவ்வளவு என்று வரம்பு இருக்கிறது. இரண்டு ஆண்டு நீட்டிப்பையும் சேர்த்தால் நாயக்குக்கு 24 ஆண்டுகள், ஹவில்தாருக்கு 26, நாயப் சுபேதாருக்கு 28, சுபேதாருக்கு 30, சுபேதார் மேஜருக்கு 34. வயது வரம்பு தனி. இரண்டில் எது முதலில் வருகிறதோ, அன்றைக்கு ஓய்வு. அந்த இரண்டு ஆண்டு நீட்டிப்பும் தானாகக் கிடைக்காது. உடல்தகுதி, ஒழுங்கு எல்லாவற்றையும் ஒரு போர்டு பார்த்துத்தான் கொடுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2004-ல், 19 வயதில் ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2012-ல் நாயக், 2020-ல் ஹவில்தார். அதோடு நின்றுவிட்டது என்றால் 2030-ல், 45 வயதில் வீட்டுக்கு வந்துவிடுவார். 2013-ல் பிறந்த மகள் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருப்பாள். கல்லூரிக் கட்டணம் தொடங்கும் வருடமும் முழுச் சம்பளம் பாதிப் பென்ஷனாக மாறும் வருடமும் ஒன்றாக வரும். அதே ஆள் சுபேதார் வரை போயிருந்தால் 2034 வரை சம்பளம். மகளின் படிப்பு முடிந்திருக்கும். இடையில் இருக்கும் நான்கு வருடங்கள்தான் ‘இன்னும் ஹவில்தார்தானா?’ என்ற கேள்விக்குள் இருக்கும் உண்மையான பாரம்.

சரி, ஏன் நிற்கிறது?

ஊரில் சொல்லப்படும் காரணம், “மேல ஆள் இருந்தாதான் கிடைக்கும்.” பெரும்பாலான நேரங்களில் காரணம் அதைவிடச் சாதாரணமானது. காலியிடம் இல்லை, அவ்வளவுதான்.

ராணுவம் ஒரு கூம்பு. அடியில் நிறைய சிப்பாய்கள் வேண்டும். ஒரு பட்டாலியனுக்கு சுபேதார் மேஜர் ஒருவர்தான். மேலே இருப்பவர் ஓய்வுபெற்றால், அல்லது அவர் ஒரு படி ஏறினால் மட்டுமே கீழே இருப்பவருக்கு இடம். இதில் அதிர்ஷ்டமும் பெரிய பங்கு வகிக்கிறது. காலாட்படையில் பெரும்பாலும் சொந்த பட்டாலியனுக்குள்ளேயே சீனியாரிட்டி ஓடும். சிக்னல்ஸ், இ.எம்.இ. போன்ற பிரிவுகளில் டிரேட் வாரியாக, ரெக்கார்ட் ஆபீஸ் பட்டியல்படி நடக்கும். அதனால் ஒரே நாளில் சேர்ந்து, ஒரே மாதிரி வேலை பார்த்த இரண்டு பேரில், டிரேட் வேறு என்பதாலேயே ஒருவர் பல வருடங்கள் முந்திவிடலாம். பின்தங்கியவர் தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டே இருப்பார். குறை அவரிடம் இல்லாமலே இருக்கலாம்.

இந்தத் தேக்கம் அரசுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 2017 இறுதியில் ஜே.சி.ஓ.க்கள் மற்றும் வீரர்களுக்கான மூன்றாவது கேடர் ரிவ்யூ அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் படிப்படியாக 1,45,137 இடங்களைத் தரம் உயர்த்துவது திட்டம். இதில் நாயக் இடங்கள் 64,930, ஹவில்தார் 58,493, நாயப் சுபேதார் 13,466, சுபேதார் 7,769, சுபேதார் மேஜர் வெறும் 479. இதற்கு முந்தைய ரிவ்யூ நடந்தது 1984-ல்! முப்பது வருடத்துக்கும் மேல் இடைவெளி. அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். ஹவில்தார் வரை கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. அதற்கு மேலே சட்டென்று குறுகிவிடுகிறது. ஹவில்தாரிலேயே நிறைய பேர் ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இது தவிர தனிப்பட்ட காரணங்களும் உண்டு. புரொமோஷன் கேடர் எனப்படும் பயிற்சித் தேர்வில் பாஸ் ஆக வேண்டும். ஆண்டுதோறும் எழுதப்படும் ரகசிய அறிக்கை, அதாவது ஏ.சி.ஆர்., நன்றாக இருக்க வேண்டும். கான்டக்ட் ஷீட்டில் ‘ரெட் இங்க்’ எனப்படும் சிவப்பு மைப் பதிவு விழுந்தால் அது நெடுநாள் துரத்தும். லீவு முடிந்து தாமதமாகத் திரும்பிய ஒரு சமாச்சாரம்கூட இதில் கொண்டுபோய் விடலாம். உடல்தகுதி ‘ஷேப்-1’ நிலையில் இருந்து இறங்கினாலும் சிக்கல்தான். முதுகுவலியும் ரத்த அழுத்தமும் சரியாக நாற்பது வயதை ஒட்டித்தானே வருகின்றன.

பணத்துக்கு ஒரு சமாதானம்: எம்.ஏ.சி.பி.

பதவி வராவிட்டாலும் சம்பளம் உயர ஒரு ஏற்பாடு இருக்கிறது. எம்.ஏ.சி.பி. என்று பெயர். 8, 16, 24 ஆண்டுகள் முடிந்ததும் அடுத்த ஊதிய நிலைக்கு ஏற்றிவிடுவார்கள். சிவில் அரசு ஊழியர்களுக்கு இதே திட்டம் 10, 20, 30 ஆண்டுகளில். இடையில் உண்மையான பதவி உயர்வு கிடைத்திருந்தால் அதுவும் இந்த மூன்றில் ஒன்றாகக் கழிக்கப்படும்.

ஏழாவது ஊதியக் குழுப்படி சிப்பாய்க்கு லெவல் 3, தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.21,700. நாயக்குக்கு லெவல் 4, ரூ.25,500. ஹவில்தாருக்கு லெவல் 5, ரூ.29,200. நாயப் சுபேதாருக்கு லெவல் 6, ரூ.35,400. இதோடு ராணுவ சேவை ஊதியமாக மாதம் ரூ.5,200 எல்லோருக்கும் ஒரே அளவு. நமது 2004 ஹவில்தார் 2028-ல் 24 ஆண்டு முடித்ததும், தோளில் அதே மூன்று பட்டையோடு, லெவல் 6 சம்பளம் வாங்குவார். அதாவது நாயப் சுபேதாரின் ஊதிய நிலை. ஆனால் ‘சாப்’ இல்லை. ஜே.சி.ஓ. மெஸ் இல்லை. சர்வீஸ் வரம்பும் 26-தான்.

கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன் என்பதால் இந்த உயர்வு ஓய்வுக்குப் பிறகும் கூடவே வரும். ராணுவ சேவை ஊதியமும் பென்ஷன் கணக்கில் சேரும். 15 ஆண்டு சர்வீஸ் முடித்தாலே வீரர்களுக்குப் பென்ஷன் உண்டு. தனியார் வேலையில் இருக்கும் நம்மில் பலருக்கு இது இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குடும்பத்தைப் பிரிய வேண்டி வருமே, போஸ்டிங் மாறுமே என்று சிலர் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு என்று அந்த நேரத்தில் நியாயமான காரணம் இருக்கும். ஆனால் பதவி உயர்வை மறுத்தவருக்கு எம்.ஏ.சி.பி. கிடைக்காது என்பது விதி. ‘பதவிதானே வேண்டாம்னு சொன்னேன், சம்பளத்தை ஏன் நிறுத்துறீங்க?’ என்று தீர்ப்பாயம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டோடு பேசி, கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

மனசு என்ன ஆகும்?

பணத்தை விட்டுவிடுவோம். தனக்கு நான்கு வருடம் கழித்துச் சேர்ந்தவர், தான் ரைஃபிள் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பையன், ஒருநாள் காலை ‘சாப்’ ஆகிவிடுகிறார். அன்று முதல் அவருக்கு முன்னால் அட்டென்ஷனில் நிற்க வேண்டும். நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளை. அலுவலகத்தில் ஜூனியர் டீம் லீட் ஆனால் மாலை ஆறு மணிக்கு அந்தச் சங்கடம் முடிந்துவிடும். இங்கே சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாமே ஒரே வளாகத்தில்.

இதில் பலர் செய்வது, வேலையில் இருந்து உள்ளுக்குள் ஒதுங்கிவிடுவது. “நமக்கு என்ன, பென்ஷன் வரை ஓட்டுவோம்.” புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் நடைமுறையில் இது நஷ்டம்தான். அந்த வருட ஏ.சி.ஆர். அடுத்த போர்டுக்கும் போகும், இரண்டு ஆண்டு நீட்டிப்பின்போதும் பேசும், எம்.ஏ.சி.பி.க்கும் தேவைப்படும். ஒருமுறை விடுபட்டவர் அடுத்த காலியிடத்தில் வர வாய்ப்பிருக்கும்போது, இடைப்பட்ட வருடத்தில் அறிக்கையைக் கெடுத்துக்கொள்வது தன் கையாலேயே கதவைச் சாத்துவது.

இன்னொரு தயக்கமும் உண்டு. உடல்தகுதிக் குறியீடான ‘ஷேப்’பில் முதல் எழுத்தே மனநலத்தைக் குறிப்பது. “டாக்டரிடம் போய் மனசு சரியில்லைன்னு சொன்னா கேட்டகரி இறங்கிடும், இருக்கிற சான்ஸும் போயிடும்” என்ற பயம் பரவலானது. இந்தப் பயத்தால் வாய் திறக்காமல் இருப்பவர்கள் குறைந்தபட்சம் தொலைபேசியில் பேசலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் ஆலோசனை இலவசம். ராணுவத்தினருக்கும் குடும்பத்தினருக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் இதன் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் “போர்டு ரிசல்ட் என்னாச்சு?” என்பதை வாராவாரம் கேட்காதீர்கள். வந்தால் அவரே முதலில் உங்களுக்குத்தான் சொல்வார்.

அநியாயம் நடந்தது என்று நினைத்தால்?

காலியிடம் இருந்தும், தகுதி இருந்தும் விடப்பட்டால் கேட்க வழி இருக்கிறது. முதலில் எழுத்துபூர்வமாகக் காரணம் கேட்க வேண்டும்: கேடரா, ஏ.சி.ஆரா, மெடிக்கலா, சீனியாரிட்டியா? பாதிப் பிரச்சினை இந்த இடத்திலேயே தெளிந்துவிடும். பல நேரம் ரெக்கார்டில் ஒரு தேதி தவறாக ஏறியிருப்பது, பாஸ் ஆன கேடர் பதிவாகாமல் விட்டது போன்ற விஷயங்களாகவே இருக்கும். ஆர்மி ஆக்ட், 1950-ன் 26-வது பிரிவு, அதிகாரி அல்லாத வீரர்கள் புகார் செய்யும் உரிமையைத் தருகிறது. அதிலும் தீரவில்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். இதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். ‘அடுத்த லீவுல பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டுக் காலக்கெடுவைத் தவறவிடக் கூடாது.

ஆனால் காலியிடமே இல்லாமல் நின்றவர்களுக்கு வழக்கு உதவாது. இதை ஆரம்பத்திலேயே பிரித்துப் பார்த்துவிட்டால் வக்கீல் செலவு மிச்சம்.

இளம் வயதுக்காரர்கள் என்றால்...

சேர்ந்து இரண்டு ஆண்டு ஆன, பிளஸ் டூ முடித்த, 27 வயதுக்குள் இருக்கும் வீரருக்கு ஏணியையே மாற்றிக்கொள்ளும் வழி உண்டு. ஆர்மி கேடட் காலேஜ் தேர்வும் எஸ்.எஸ்.பி. நேர்காணலும் தாண்டினால் டேராடூனில் பட்டப்படிப்பு, பிறகு ராணுவ அகாடமியில் ஒரு வருடப் பயிற்சி, லெப்டினன்ட். கடினமான தேர்வுதான். ஆனால் இதைப் பற்றி 35 வயதில் தெரிந்துகொள்வதில் பயனில்லை. 2022-க்குப் பிறகு சேர்பவர்கள் அக்னிவீரர்கள். அவர்களுக்குப் பிரச்சினையே வேறு. நான்கு ஆண்டு முடிவில் தொடர்ந்து பணியில் வைக்கப்படுபவர்கள் 25 சதவீதம் வரைதான்.

ஹவில்தாரிலேயே ஓய்வு என்று தெரிந்துவிட்டவர்களுக்குக் கடைசி மூன்று, நான்கு வருடங்கள் மிக முக்கியம். 15 ஆண்டு சர்வீஸ் முடித்த பத்தாம் வகுப்புக்காரர், மத்திய அரசின் குரூப் ‘சி’ வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாகக் கருதப்படுகிறார். அதே குரூப் ‘சி’-யில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு, பொதுத்துறை வங்கிகளில் 14.5 சதவீதம். 45 வயதில் வங்கி கிளார்க் தேர்வு எழுதுபவர் 25 வயதுப் பையன்களோடு கணக்கும் ரீசனிங்கும் போட வேண்டும் என்பதால், தயாரிப்பை யூனிட்டில் இருக்கும்போதே தொடங்குபவர்களுக்குத்தான் இது கைகொடுக்கிறது. ஓய்வுக்கு முன்பே மறுவாழ்வு இயக்குநரகம் நடத்தும் பயிற்சிகளிலும் சேரலாம். வீரர்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டும், பயிற்சிக் காலம் பணியாகவே கணக்கில் வரும். விண்ணப்பம் யூனிட் வழியாகத்தான் போக வேண்டும். ஓய்வுக்குப் பிறகு டிஸ்சார்ஜ் புக்கோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். நல்ல பணிப்பதிவோடு ஓய்வுபெறும் ஹவில்தார்களுக்குக் கௌரவ நாயப் சுபேதார் பட்டம் தரும் வழக்கமும் இருக்கிறது. அது கிடைத்தால் பென்ஷனும் அந்தப் பதவிக்குரியதாகக் கணக்கிடப்படும். ஓய்வுக்குப் பிறகு வரும் உத்தரவு என்பதால், பென்ஷன் ஆவணத்தில் அது ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலை அவருடையதுதான்.